வானத்தில் விழுந்த கோடுகள்

எங்கள் ஊரில் அப்பாக்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அறந்தாங்கியில் என்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா வெளிநாட்டில் இருந்தார். லீவில் வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், ஒருநாள் நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இருக்கமாட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுதால் போகிறவருக்கு மனசு வராது, போகிற காரியமும் விளங்காது என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளை யாராவது எதையாவது சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பெட்டி கட்டுவது, சாமி கும்பிடுவது மாதிரி அதுவும் வழியனுப்புவதில் ஒரு வேலை.

என்னை முதலில் ஏமாற்றியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது ஆறு வயது. ஆவுடையார்கோவிலுக்குச் சிற்பம் பார்க்கப் போகலாம் என்று பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஒரு ரோஸ்மில்க் கேட்டால் அரை டம்ளராக வாங்கித் தருகிற மனுஷன், அன்றைக்கு நான் கேட்காமலே ரெண்டாவது டம்ளர் வாங்கித் தந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் இருந்த பெட்டியைக் காணோம். கொடியில் அப்பாவின் கைலி மட்டும் இன்னும் ஈரம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலைத் தெருவில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்காட்டுவார்கள்.

அப்புறம் அப்பா அடுத்த லீவில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஐந்தாம் வகுப்பு. இந்தத் தடவை ஏமாறுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். அப்பா கிளம்பப்போகிறார் என்பதற்கு என்னென்ன அறிகுறி என்று எனக்கு அத்துப்படி. முதலில் தலைக்கு டை அடிப்பார். பிறகு மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டி வரும். அம்மா ஊறுகாயைக் கவருக்குள் கவராகப் போட்டுக் கட்டுவாள். மாமா நைலான் கயிறும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியைக் கட்டி, அதன்மேல் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதுவார். இவ்வளவும் நடந்துவிட்டால் அதற்கப்புறம் எனக்கு ரோஸ்மில்க்தான்.

ஆனால் அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. லீவு முடிகிற காலம் வந்தது, போனது. காலாண்டுப் பரீட்சையும் முடிந்தது. அப்பா வீட்டிலேயே இருந்தார். கேட்டால், "இந்தத் தடவ லாங் லீவு ஆத்தா" என்றார். பாசம் பொங்கும்போது என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அதோடு அவர் நடவடிக்கையும் மாறியிருந்தது. எனக்குத் தலை பின்னிவிடப் பழகினார். அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் சாம்பார் வைத்தார். பள்ளிக்கூட மீட்டிங்குக்கு அவரே வந்து, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று என் மிஸ் சொன்னதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். இதற்கு முன்னால் எந்த லீவிலும் இப்படி இருந்ததில்லை. போகப்போகிறவர்கள்தான் இவ்வளவு நல்லவர்களாக நடந்துகொள்வார்கள் என்பது என் முடிவு.

அந்தச் சமயத்தில்தான் என்னை வாட்டர்கலர் கிளாஸில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்கள்.

நான் அதுவரை வரைந்திருந்ததெல்லாம் ரெண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் தென்னை மரம். அதையும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் வரைவேன். கண் இருக்கிற யாரும் என்னை ஓவியக்காரி என்று சொல்லமாட்டார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிராயிங் கிளாஸ் இருந்தது. இவர்கள் பிடித்த கிளாஸ் திருக்கோகர்ணத்தில். புதுக்கோட்டைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும்.

"ஏம்மா அவ்ளோ தூரத்துல?" என்று கேட்டேன்.

"அந்த மிஸ்தான் நல்லாச் சொல்லித் தர்றாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

அம்மா கையிலிருந்த துணியை உதறினாள். "ஏண்டி, படம் வரையப் போறதுக்கு இத்தனை கேள்வியா? நீ என்ன போலீசா?"

அம்மா எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முக்கால்வாசி நாள் நைட் டூட்டி. ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்குவதற்காக என்னை வெளியே அனுப்புகிறார்கள் என்று வேறு பிள்ளையாக இருந்தால் நினைத்திருக்கும். நான் அப்படி லேசில் விடுகிறவள் இல்லை. என்னை வாராவாரம் வெளியூருக்கு அனுப்பிப் பழக்கிவிட்டு, ஒரு வாரம் அப்பாவைப் பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள். நான் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் விமானத்தில் இருப்பார். இவ்வளவு நீளமாக யோசித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. அப்பாவும் கூட வந்தால்தான் போவேன் என்றேன். "நான்தானே ஒன்னையக் கூட்டிட்டுப் போகப்போறேன்" என்றார் அப்பா. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளாஸ் ஒரு வீட்டு மாடியில் நடந்தது. வாசலில் போர்டுகூடக் கிடையாது. சொல்லித்தந்தவர் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். முப்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கித்தான் எதையும் பார்ப்பார். பாராட்டுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா எதிரே இருந்த டீக்கடையில் காத்திருப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் படமே போடவில்லை. சாமான்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். முதலில் பேப்பர். அது நோட்டுத் தாள் மாதிரி இல்லை. கனமாக, தடவினால் சொரசொரவென்று, அட்டைக்கும் துணிக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருந்தது. பஞ்சில் செய்தது என்றார். சாதாரணத் தாளில் இவ்வளவு தண்ணீர் பட்டால் நைந்து போகும், இது தண்ணீரை வாங்கிக்கொண்டு மெதுவாக விடும். அந்தப் பேப்பரின் நாலு ஓரத்தையும் பலகையோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினார்.

"எதுக்கு மிஸ் ஒட்டுறீங்க?"

"தண்ணி பட்டா சுருண்டு எந்திரிக்கப் பாக்கும். அதான் கட்டிப் போடுறேன்."

போகப் பார்க்கிற பொருளைக் கட்டிப் போடுவது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. அந்த அறையில் நான் சந்தேகப்படாத ஒரே சாமான் அந்த டேப்தான்.

பிறகு பிரஷ். தண்ணீரில் முக்கி உதறினால் நுனி தானாகக் கூராக வேண்டும், அதுதான் நல்ல பிரஷ். குடைமிளகாய் மாதிரி வயிறு பெருத்தது நிறையத் தண்ணீர் பிடிக்கும், தட்டையானது வானம் போடுவதற்கு. ஆளுக்கு ரெண்டு மக் தண்ணீர். எதற்கு ரெண்டு என்று கேட்டேன். ஒன்று அழுக்குக் கழுவ, இன்னொன்று வண்ணம் கரைக்க. "மாத்தி முக்குனா மஞ்சளெல்லாம் சாணியாப் போயிரும்" என்றார். ஒரு பழைய துணி, பிரஷில் தண்ணீர் கூடிப்போனால் ஒற்றி எடுக்க. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். காரணம் கேட்டவுடனே வருவதும் எனக்கு உறுத்தியது.

கடைசியாக வண்ணப் பெட்டியைத் திறந்தேன். சின்னச் சின்ன வில்லைகளாக மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, மண் நிறம் எல்லாம் இருந்தன. வெள்ளை இல்லை. மேலே தூக்கி அடியிலும் பார்த்துவிட்டேன்.

"மிஸ், என் பெட்டியில வெள்ளையக் காணோம்."

"யாரு எடுத்திருப்பான்னு நெனைக்கிற?"

நான் அவரையே பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு என்னை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார்.

"வெள்ளைன்னு தனியாக் கெடையாது. பேப்பர்தான் வெள்ளை. எங்க வெள்ளை வேணுமோ அந்த எடத்தத் தொடாம விடணும். தொட்டுட்டு அப்புறம் வேணும்னா வராது."

இது என்ன வித்தையோ என்று நினைத்துக்கொண்டேன். கிரயான்ஸில் இப்படியெல்லாம் தொல்லை இல்லை.

அடுத்த வாரம் வானம். பலகையின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் மாதிரி எதையாவது வைத்துச் சாய்த்துக்கொள்ள வேண்டும். நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, பிரஷ் நிறைய எடுத்து, மேல் ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு. தண்ணீர் அடியில் போய் ஒரு கரையாக நிற்கும். அந்தக் கரை காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக் கீழே கொண்டுபோக வேண்டும். இப்படியே அடிவரைக்கும். கீழே போகப்போகத் தண்ணீரைக் கூட்டினால் வானம் தானாக வெளுத்துக்கொண்டு வரும். ஒரே நிபந்தனை, நடுவில் நிறுத்தக்கூடாது.

என்னால் அதுதான் முடியவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து டீக்கடை தெரியாது. ஜன்னலுக்குப் போனால்தான் தெரியும். ரெண்டு இழுப்பு இழுப்பேன். இந்நேரம் அப்பா பஸ் ஏறியிருப்பாரோ என்று தோன்றும். எழுந்து போய்ப் பார்ப்பேன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்து பார்த்தால் கரை காய்ந்துபோய் வானத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். அதை அழிக்கிறேன் என்று மேலே தண்ணீர் விட்டால் பாதிக் காய்ந்த வண்ணத்தைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு பூக்கும். அதைச் சரி பண்ண இன்னும் நீலம் அப்புவேன். கடைசியில் அது வானமாகவும் இருக்காது, கடலாகவும் இருக்காது.

காத்திருக்க வேண்டிய இடங்களும் எனக்கு ஆகவில்லை. வாட்டர்கலரில் வெளிறின நிறம் முதலில், அடர்ந்த நிறம் பிறகு. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அதன்மேல் அடுத்தது. "இப்ப கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்" என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. என்னைச் சும்மா இருக்கச் சொன்ன எந்தப் பெரியவரும் அதுவரை நல்லதுக்குச் சொன்னதில்லை.

மூன்று நாலு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் டீச்சர் என் வானங்களையெல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிரஷின் பின்பக்கத்தால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இங்க எந்திரிச்சிருக்க. இங்க ஒருக்கா. இங்க போயிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்திருக்க." கடைசிப் படத்தைக் காட்டினார். "இங்க ஓடியே போயிருக்க. சொல்லு, யாரத் தேடுற?"

நான் எங்கே எழுந்தேன், எப்போது ஓடினேன் என்பதையெல்லாம் அந்தப் பேப்பர் போட்டுக் கொடுத்திருந்தது. அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

"எங்கப்பாவ."

"கீழதானே இருக்காரு?"

"சொல்லாமப் போயிருவாரு மிஸ். வெளிநாட்டுக்கு. போன தடவையும் அப்புடித்தான் போனாரு."

டீச்சர் எழுந்து கீழே போனார். அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "மேலயே ஒக்காருங்க சார். நீங்க டீக்கடையில இருந்தா ஒங்க பொண்ணு வானத்த முடிக்காது."

அப்பாவும் கூச்சப்பட்டுக்கொண்டே பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் டீச்சர் ஒரு பேப்பரையும் பிரஷையும் கொடுத்தார். வெளிநாட்டில் டிரெய்லர் வண்டி ஓட்டிய கை அது. பிரஷை ஸ்டியரிங் மாதிரி ரெண்டு கையாலும் பிடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆள் கண்முன்னால் இருந்தார்.

அதற்கப்புறம் எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை ஓடத் தொடங்கியது. பேப்பரை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு அதன்மேல் வண்ணத்தைத் தொட்டு வைத்தால், அது தானாகப் பரவி மேகமாகிறது. காய்ந்த பேப்பரில் வைத்தால் வைத்த இடத்திலேயே விளிம்போடு நிற்கிறது. பிரஷை நன்றாக ஒற்றிவிட்டு லேசாகத் தேய்த்தால் சொரசொரப்பில் மட்டும் பட்டு, மரப்பட்டை மாதிரி வருகிறது. தப்பாக வைத்த வண்ணத்தைக்கூட ஈரப் பிரஷால் நனைத்து ஒற்றினால் பாதி கிளம்பி வந்துவிடுகிறது. அப்பாவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. அவருக்குப் பிடித்தது உப்பு வித்தை ஒன்றுதான். ஈரமான வண்ணத்தின்மேல் கல் உப்பைத் தூவிக் காயவிட்டுத் தட்டிவிட்டால் பொட்டுப் பொட்டாக நட்சத்திரம் மாதிரி வரும். குழம்புக்குப் போடுவது போல அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டு உப்பு டப்பா கிளாஸுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தது.

அவர் போட்ட படமெல்லாம் ஒன்றே. மேலே நீலம், கீழே மண் நிறம், நடுவில் ஒன்றுமில்லை. பாலைவனமாம்.

"ஒரு ஆளு, ஒரு மரம் ஏதாச்சும் வையுங்களேன் சார்" என்றார் டீச்சர்.

"அங்க யாரும் இருக்கமாட்டாங்க டீச்சர்" என்றார் அப்பா.

ஒருநாள் கிளாஸ் முடிந்து நான் மக் கழுவிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் அப்பா டீச்சரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் என்னைத் திட்டுவதில்லை. நான் வீட்டுக் கூரையில் பச்சை வழியவிட்டபோதுகூட, "பரவால்ல, ஒத்தி எடுத்துக்கலாம்" என்றார். திட்டுகிறவர் திட்டுவதை நிறுத்தினால் அதில் என்னவோ இருக்கிறது. அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அவரும் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

அதற்கேற்ற மாதிரி வீட்டிலும் அறிகுறிகள் தென்பட்டன. பீரோவுக்கு மேலே ஒரு புதுப் பெட்டி, துணி போட்டு மூடியிருந்தது. அம்மா பருப்புப்பொடி அரைத்தாள். ஒரு சாயங்காலம் மாமா பைக்கில் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. கையில் நைலான் கயிறு.

"என்னா ஆத்தா இப்புடிப் பாக்குற?" என்றார் மாமா. "ரோஸ்மில்க் சாப்பிடப் போவமா?"

நேரே அப்பாவிடம் போனேன். அவர் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அதுவும் அப்போது புதிதில்லை.

"அப்பா, நீங்க வெளிநாட்டுக்குப் போறீங்களா?"

"இல்லாத்தா. நான் எங்கிட்டும் போகல."

"பொய் சொல்றீங்க."

தோசைக் கரண்டியை வைத்துவிட்டு, மாவுக் கையைத் துடைத்து என் உச்சந்தலையில் வைத்தார். "ஒன் தலமேல சத்தியம். நான் போகல. இனிமே இங்கதான்."

பொய்ச் சத்தியம் பண்ணினால் யார் தலையோ அது வெடித்துவிடும் என்று வகுப்பில் சொல்வார்கள். படுக்கிறவரைக்கும் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வலிக்கவில்லை. ஒருவேளை வலி மெதுவாக வருமோ என்னவோ என்றுதான் நினைத்தேனே தவிர, அவர் உண்மை சொல்லியிருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு வந்தது. அன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மாமா காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் ஒரு கார் நின்றது. "இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போகவா கிளாஸுக்கு?" என்று மாமா கேட்டார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இவர் வந்தால்தான் போவேன் என்று கத்தினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நீங்களே போங்க. அது அழுதா என்னால முடியாது" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன்.

அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு தடவை பின்னி முடித்து, கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். என் கண்ணெல்லாம் கண்ணாடியில் தெரிந்த அப்பாவின்மேல் இருந்தது. பேண்ட் போடுகிறாரா, பாஸ்போர்ட் வைக்கிற கைப்பையை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னையக் கொஞ்சம் பாரு புள்ள."

பார்த்தேன். உடனே மறுபடியும் அப்பா பக்கம் திரும்பிக்கொண்டேன். நைட் டூட்டி முடித்து வந்தவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்காமல் எங்களோடு தெருமுனைவரைக்கும் நடந்து வந்தாள். பஸ் ஏறியபிறகு நான் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. அப்பா கையில் பெயிண்ட் பையைத் தவிர வேறு பை எதுவும் இல்லை என்று சோதித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு என் வானம் ஒரு கோடு இல்லாமல் வந்தது. மேலே நல்ல நீலமாகத் தொடங்கி, அடியில் வெளுத்து, நான் தொடாமல் விட்ட இடத்தில் மேகம் வெள்ளையாக நின்றது. காய்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா எதிரிலேயே இருக்கும்போது எனக்கென்ன அவசரம்? அவருக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை. ரெண்டு இழுப்பு இழுப்பார், போன் அடிக்கும், படிக்கட்டுக்குப் போவார். வருவார், மறுபடியும் போவார். அவர் பாலைவனத்து வானம் முழுக்கக் கோடு கோடாக விழுந்திருந்தது.

"அப்பா, இங்க எந்திரிச்சீங்க. இங்கயும் எந்திரிச்சீங்க" என்று பிரஷின் பின்பக்கத்தால் தொட்டுக் காட்டிச் சிரித்தேன். டீச்சரும் சிரிப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா டூட்டிக்குப் போய்விட்டதாக அப்பா சொன்னார். நான் அதைக் காதில்கூட சரியாக வாங்கவில்லை. வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். அப்பாவின் சட்டைகள் கொக்கியில் இருந்தன. ஷேவிங் செட் இருந்தது. பாஸ்போர்ட் பை பீரோவுக்குள் இருந்தது. எல்லாம் இருந்தது இருந்தபடி இருந்தது. அவர்கள் திட்டத்தை நான் முறியடித்துவிட்டேன். அப்பா வைத்த ரசத்தை ரெண்டாம் தடவையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வெகுநாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் வீட்டில் சட்டை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா திருச்சி ஏர்போர்ட்டில் இருந்தாள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. அப்பாவின் கம்பெனி மூடி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அந்த லாங் லீவுக்கு முடிவே கிடையாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சேர நர்சுகள் எழுதுகிற பரீட்சைக்கு அம்மா படித்தது ஞாயிற்றுக்கிழமைகளில். வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் திருக்கோகர்ணம் வரைக்கும் கிளாஸ் தேடினார்கள். அப்பா தலை பின்னப் பழகியதும் சாம்பார் வைத்ததும் அதற்காகத்தான். போகப்போவது ஒருவர் என்பதில் நான் தப்புப் பண்ணவில்லை. யார் என்பதில்தான் பண்ணிவிட்டேன். எங்கள் தெருவில் அதுவரைக்கும் எந்த அம்மாவும் போனதில்லை. நான் பிடித்த பிடியில் அப்பாவால் ஏர்போர்ட்டுக்குக்கூடப் போகமுடியவில்லை. மாமாதான் காரில் கொண்டுபோய் விட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் நான் பின்பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா போனைக் காதில் வைத்தபடி கிணற்றடியில் நடந்துகொண்டிருந்தார். நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. பேச்சிலிருந்து மறுமுனையில் அம்மா என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமா, கேட்டா" என்றார் அப்பா. "கேக்காம இருப்பாளா? வந்ததுலேருந்து அம்மா எங்க, அம்மா எங்கன்னு ஒரே அழுகை. சோறுகூட எறங்கல. ஒன் சேலையத்தான் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதழுது தூங்குனா."

வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். நான் அழவே இல்லை. ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். அம்மா எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறுமுனையில் அம்மா ஓவென்று அழுவது எனக்கே கேட்டது. அப்பா, "சரி, சரி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டூட்டியில் இருக்கிற அம்மாவிடம் இப்படி அடுக்கடுக்காகப் பொய் சொல்லி அவளை ஏன் அழவைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனுஷனை நம்பவே கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று வாசலில் போய் உட்கார்ந்தேன்.